நாலு பக்கம், நாலு ஆள்

மட்டாஞ்சேரி சங்கீத சம்ரக்ஷண சபாவின் மண்டபத்தில் பாட வருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. சபாவார் மதிப்பிட்டு முடிக்கும்வரை அவர்கள் பாடக் கூடாது.

விதிக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் திருச்சூர்ப் பக்கத்துப் பாகவதர் ஒருவர், மண்டபம் கேட்க வந்த இடத்தில், அப்போதைய காரியதரிசியின் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டார். காரியதரிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே சாவியைக் கொடுத்தார். கச்சேரி பிரமாதமாக நடந்தது. உள்ளே இடமில்லாமல் ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்று கேட்டார்கள். மறுநாள் கமிட்டி கூடியது. தங்களைக் கலந்தாலோசிக்காமல் ஊரில் ஒரு நல்ல கச்சேரி நடந்துவிட்டதே என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். காரியதரிசி ராஜினாமா செய்தார். ஒருவன் பாடுவதைக் காதால் கேட்டுவிட்டால் அவனைப் பாரபட்சமில்லாமல் மதிப்பிட முடியாது என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் நல்ல கச்சேரி நடந்ததாக யாரும் சபாவின் மேல் குற்றம் சொன்னதில்லை.

ராமபத்ரனுக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. அவர் மட்டாஞ்சேரியை விட்டுப் போனபோது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. அப்பா ஒரு குஜராத்தி சேட்டின் கிடங்கில் கணக்கெழுதினவர். பையனையும் அந்தத் தொழிலில் விடுவதற்காகக் கல்கத்தாவில் மாமா வீட்டுக்கு ரயிலேற்றினார். பையன் கணக்கெழுதவில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றில், சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால், கிதார்க்காரர்களோடு நின்று இங்கிலீஷில் ராக் பாட்டுப் பாடினான். பெயர் ராம் பத்ரா என்று ஆயிற்று. கல்கத்தாவில் அவனை வங்காளி என்று நினைத்தார்கள். பம்பாய்க்குப் போனால் கோவாக்காரன் என்றார்கள். ஆடுகிறவர்களுக்கு ஆட்டப் பாட்டு, நீளமுடிக்காரர்களின் காலத்தில் அலறல், ஜிகினாச் சட்டை வந்தபோது டிஸ்கோ, எல்லாம் ஓய்ந்த பிறகு ஒற்றைக் கிதாரோடு தாழ்ந்த குரலில் சில வரிகள். எதை எடுத்தாலும் அதற்கென்றே பிறந்தவன் போலப் பாடுகிறான் என்று பத்திரிகைகள் எழுதின.

எண்பத்து நாலாம் வருஷம் ஒரு ரெக்கார்டு கம்பெனி அவர் இருபது வருஷத்தில் பாடியவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து இரண்டு இசைத்தட்டுகளாக, ஒரே உறையில் போட்டு வெளியிட்டது. நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு காலம். அட்டையில் நாலு போட்டோக்கள். டை கட்டிய ஒல்லிப் பையன். தாடியும் தோளில் விழும் முடியுமாக ஒருவன். பளபளப்புச் சட்டையில் மார்பைத் திறந்து போட்ட ஒருவன். கடைசியில் மூக்குக் கண்ணாடி போட்ட, நெற்றி ஏறிய, நாற்பதைத் தாண்டிய மனிதர்.

அதே வருஷம் அவருடைய தொண்டைக்குள், குரல் பிறக்கிற இடத்தில், மிளகளவு ஒரு முடிச்சு இருப்பதை எர்ணாகுளத்து டாக்டர் கண்டுபிடித்தார். ஓணம் கழிந்த மறுவாரம் திங்கட்கிழமை வெட்டி எடுக்கலாம், பிறகு பேச்சு வரும், பாட்டு வருமா என்று சொல்வதற்கில்லை என்றார். அதுவரை அதிகம் பேசக் கூடாது. பாடவே வேண்டுமென்றால் ஒரு சாயங்காலம் பாடிக்கொள்ளலாம்.

ராமபத்ரன் தன் அக்கா லோகாம்பாளின் வீட்டில் தங்கியிருந்தார். அவள் வில்லிங்டன் தீவில் ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். விஷயத்தைக் கேட்டதும் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கர்க்கடக மாசத்து மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனையோ ஊர்ல பாடினே," என்றாள். "இங்கே ஒரு தடவை பாடேண்டா. நான் உன்னை நேர்ல கேட்டதே இல்லை."

"ரெக்கார்டுல கேட்டிருக்கியே, அக்கா."

"ரெக்கார்டுல நீ இருக்கே. நான் எங்கேடா இருக்கேன்? நான் முன்வரிசையில உக்காந்து கேக்கணும். சபா மண்டபத்துல. வேற எங்கே வெச்சாலும் நம்மடவா ஒருத்தரும் வர மாட்டா."

இவ்வளவுதான் ராமபத்ரனுக்கு வேண்டியிருந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார, ஒரு சாயங்காலம்.

சபாவின் காரியதரிசி பிச்சுமணி ஒரு மிளகுத் தரகர். யூதர்கள் வாழ்ந்த ஜூதத்தெருக் கிடங்கில், ஒரு கைப்பிடி மிளகை உள்ளங்கையில் பரப்பி, ஊதி, மோந்து, ஒன்றை மட்டும் பல்லில் கடித்து, மலபார் முழுவதின் விளைச்சலைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லக்கூடியவர்.

"எந்தாக்கும் விசேஷம்?" என்றார் மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மண்டபம் வேணும். ஓணத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம். பாடறதுக்கு."

"இங்கிலீஷ் பாட்டோ?"

"ஆமா."

"அதுக்கென்ன. இங்கிலீஷ் கூடாதுன்னு சபாவுல விதி ஒண்ணும் இல்லை. எந்த பாஷையானாலும் கிரமமா இருக்கணும், அவ்வளவுதான்."

ராமபத்ரனுக்கு நம்பிக்கை பிறந்தது. "ரெண்டு வரி பாடிக் காட்டட்டுமா? டாக்டர் ஜாஸ்தி பாடப்படாதுன்னிருக்கார். ரெண்டு வரின்னா பரவாயில்லை."

பிச்சுமணியின் கையிலிருந்த மிளகு தரையில் சிதறியது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "ஓய்! வாயை மூடும்! என் காதைக் கெடுத்துடாதேயும்! நான் கமிட்டி மெம்பராக்கும்!"

ராமபத்ரன் வாயை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துப் பிச்சுமணி ஒரு காதை மட்டும் விடுவித்துப் பார்த்தார். சத்தமில்லை என்று தெரிந்ததும் மற்றதையும் விடுவித்தார்.

"சாக்கைப் பார்த்து யாராவது மிளகு வாங்கறாளோ? சாம்பிளைப் பார்த்தாக்கும் வாங்கறது. நீர் சாக்கு. சாம்பிள் எங்கே?"

ராமபத்ரன் தோள்பையிலிருந்து இசைத்தட்டு உறையை எடுத்துக் கொடுத்தார். பிச்சுமணி அதை முகர்ந்து பார்த்தார். பழக்கதோஷம்.

மதிப்பீட்டுக் கமிட்டியில் மூன்று பேர். தலைவர் வாஞ்சிநாதன், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி; உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் எதையும் அனுமதித்ததில்லை, அதனால் எதிலும் மாட்டிக்கொண்டதும் இல்லை. இரண்டாமவர் பிச்சுமணி. மூன்றாமவர் வெங்கிடேஸ்வரன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தாளத்தில் புலி. சபாவிடம் ரெக்கார்டு பிளேயர் இல்லாததால் மைக்செட் நல்லசிவத்தை அழைத்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவருடைய ஒலிபெருக்கிதான். கலைஞரும் ஆஜராக வேண்டும் என்றும், ஆனால் தலையசைப்பைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது என்றும் விதி. ராமபத்ரன் ஓர் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உங்க பாட்டாமே?" என்று நல்லசிவம் அவரிடம் ரகசியமாகக் கேட்டார். "நீங்கதான் இங்க இருக்கீயளே. பொறவு பெட்டி எதுக்கு?"

ராமபத்ரன் தலையசைத்தார். அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் அசைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் அசைத்தார்.

முதல் பக்கம் சுழன்றது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் அறைக்குள் துள்ளி வந்தான். வெங்கிடேஸ்வரன் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். முதல் பாட்டில் புன்னகையோடு போட்டார். இரண்டாவதில் வியர்த்தது. மூன்றாவதில் வலது தொடையை விட்டு இடது தொடைக்கு மாறினார். நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக உருண்டபோது ஒரு விரலை உயர்த்தி, "இதோ தனி ஆவர்த்தனம்!" என்றார். விரலை இறக்குவதற்குள் அது முடிந்துவிட்டது.

"பாவம், அந்த மிருதங்கக்காரன்," என்றார் மூச்சிரைத்துக்கொண்டு. "பாட்டு பூரா அவன்தான் உழைக்கறான். தனின்னு கொடுத்தது நாலே அடி. ஓய், எல்லாப் பாட்டும் ஒரே தாளமாக்கும். ஒருத்தன் பிறந்ததுலேர்ந்து ஒரே தாளத்துல எப்படி இருக்க முடியும்?"

அன்றைக்கு அவருடைய தொடையால் அதற்கு மேல் முடியவில்லை. கமிட்டி அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது பக்கம். கிதார் கரகரவென்று உறுமியது. வாஞ்சிநாதன் கையை உயர்த்தினார்.

"நிறுத்து. மெஷின் கேடு."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, சாமி. பாட்டே அப்படித்தான்."

"பாட்டு எப்படிடாப்பா அப்படி இருக்கும்? கழட்டிப் பாரு."

நல்லசிவம் கழற்றினார். உள்ளே கோளாறு ஒன்றும் இல்லை, பொருத்தினார். மறுபடி உறுமியது. மறுபடி கழற்றினார். மூன்றாம் தடவை, கழற்றுவதுபோலத் திருப்புளியை மட்டும் சுற்றிக் காட்டிவிட்டு, "சரியாயிட்டு, சாமி," என்றார். கிதார் முன்பு போலவே உறுமியது. "இப்போ எவ்வளவோ தேவலை," என்றார் வாஞ்சிநாதன்.

அப்போதுதான் அந்த அலறல் வந்தது. நீண்ட, அடிவயிற்றிலிருந்து எழுந்த அலறல். மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பிச்சுமணி ஜன்னலுக்கு ஓடி, யாராவது படகிலிருந்து விழுந்துவிட்டார்களா என்று காயலைப் பார்த்தார்.

"அலறினது நீரோ?" என்றார் வாஞ்சிநாதன், ராமபத்ரனைப் பார்த்து.

ராமபத்ரன் தலையசைத்தார்.

"எதுக்காக்கும்?"

இதற்குத் தலையசைப்பில் பதில் இல்லை. ராமபத்ரன் யோசித்தார். அந்த வருஷம் அப்பா செத்த தந்தி மூன்று நாள் கழித்து வந்தது, அன்றைக்குத்தான் ரெக்கார்டிங். அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர்கள் முகங்களைப் பார்த்தார். சொல்லவில்லை.

"பாருங்கோ, அலறினவனுக்கே காரணம் தெரியலை," என்றார் வாஞ்சிநாதன்.

மூன்றாவது பக்கத்தில் எதிர்பாராத சட்டச் சிக்கல். டிஸ்கோ தொடங்கியதும் பிச்சுமணியின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. அவர் முழங்காலைப் பிடித்து அமுக்கினார். இடது கால் ஆடியது. மற்ற இருவரும் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் பிச்சுமணி எழுந்து, தழுதழுத்த குரலில், தன் கால்கள் கமிட்டியின் அனுமதி இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகவும், ஆகவே இந்தப் பக்கத்தைப் பொறுத்தமட்டில் தான் விலகிக்கொள்வதாகவும் அறிவித்தார். வாஞ்சிநாதன் அவருடைய நேர்மையைப் பாராட்டினார். இரண்டு பேர் மட்டும் இருந்தால் கமிட்டி செல்லாது என்பதால் மூன்றாவது பக்கம் மதிப்பிடப்படாமல் நிராகரிக்கப்பட்டது.

நாலாவது பக்கம் ஓடிய அன்று மழை விட்டிருந்தது. ஒற்றைக் கிதார். ஒரு வரி, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு வரி. பாடுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று நின்று பார்ப்பது போலிருந்தது. வெங்கிடேஸ்வரனின் கை தொடையின் மேலே உயர்ந்து, இறங்காமல் அப்படியே நின்றது. வெளியே ஒரு கைவண்டி போன சத்தம்கூடப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கம் முடிந்து, முள் உள்வட்டத்தில் உரசிக்கொண்டே இருந்தது. நல்லசிவத்துக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை.

அந்த மௌனத்தில் ராமபத்ரனுக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்.

வாஞ்சிநாதன் தொண்டையைக் கனைத்தார். "இதுல பாட்டைவிடப் பாடாத இடம் ஜாஸ்தி," என்றார். "பாடாத இடத்துக்கு மார்க் போட விதி இல்லை."

அதற்குள் ஓணப் பூக்கள் கடைக்கு வந்துவிட்டன. கமிட்டி ஆலோசனையில் இறங்கியது. பிச்சுமணிக்கு ஒரு நெருடல்.

"பழைய மிளகையும் புது மிளகையும் ஒரே சாக்குல கொட்டினா அதுக்குப் பேர் என்னாக்கும்? கலப்படம். இங்கே இருபது வருஷச் சரக்கை ஒரே உறையில போட்டிருக்கான். இதை நான் சந்தைக்குக் கொண்டுபோனா என் லைசென்ஸ் போயிடும்."

வெங்கிடேஸ்வரன் கணக்குப் போட்டுக் காட்டினார். "ஒருத்தன் நாலு விதமாப் பாடினான்னா, மூணு விதம் தப்பாத்தானே இருக்கணும்? நம்ம வித்வான்களைப் பாருங்கோ. இருபது வயசுல எந்த இடத்துல எந்தச் சங்கதியோ, அறுபது வயசுலயும் அந்த இடத்துல அந்தச் சங்கதி. எந்த இடத்துல இருமினாரோ அந்த இடத்துல இருமுவார். அதாக்கும் சாதகம்."

வாஞ்சிநாதன் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையிலிருந்த நாலு போட்டோக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் ஆளின் காதைப் பார்த்தார். இரண்டாவது ஆளுக்குக் காதே தெரியவில்லை, முடி மறைத்திருந்தது. நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் தணிக்கை அதிகாரிகளுக்கு ஆயுளில் ஒரு தடவை வரும் ஒளி வந்திருந்தது.

"இது ஒரு ஆளில்லை," என்றார். "நாலு ஆள்."

கமிட்டி மூச்சுவிட்டது. எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டது. நாலு பக்கம், நாலு போட்டோ, நாலு குரல், நாலு பேர். யாரோ ஒருவர் இதையெல்லாம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு மண்டபத்தைக் கைப்பற்றப் பார்க்கிறார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரை மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடையாள விசாரணை நடந்தது.

"முதல் பக்கத்து ரெண்டாம் பாட்டுல, ரெண்டாவது சரணத்துல, எந்த வார்த்தைக்கு அப்புறம் மூச்செடுத்தீர்?" என்று கேட்டார் வெங்கிடேஸ்வரன். இந்த விசாரணைக்கு மட்டும் பேசலாம் என்று விசேஷ அனுமதி.

"ஞாபகமில்லை."

"மூச்செடுத்தவனுக்கு ஞாபகமில்லாமப் போகுமோ?"

"ஒரு வரி பாடினாத் தெரிஞ்சுடும்."

மூன்று ஜோடிக் கைகள் மூன்று ஜோடிக் காதுகளுக்குப் பறந்தன.

"ஓய், இது சாட்சியைக் கலைக்கறதாக்கும்!" என்றார் வாஞ்சிநாதன். "நீர் நேர்ல பாடி நாங்க கேட்டா, பின்னே ரெக்கார்டைக் கேட்டதுக்கு என்ன அர்த்தம்?"

விஷயம் தெரிந்து லோகாம்பாள் டியூட்டி முடிந்த கையோடு, நனைந்த குடையோடு வந்து நின்றாள்.

"இவன் என் தம்பியாக்கும்."

"உக்காருங்கோ அம்மா. உங்க தம்பிங்கறதுல கமிட்டிக்குச் சந்தேகமே இல்லை," என்றார் வாஞ்சிநாதன் பரிவாக. "ரெக்கார்டுல இருக்கறவா உங்க தம்பிகளாங்கறதாக்கும் கேள்வி."

"திங்கட்கிழமை இவன் தொண்டையை வெட்டப் போறா. ஒரு சாயங்காலம் மண்டபத்தைத் திறந்துவிட உங்களுக்கு என்ன கேடு?"

"கேடொண்ணும் இல்லை. அவசரம்னு கேக்கறவாளுக்குக் கொடுத்தா, நாளைக்கு எல்லாரும் அவசரமா வருவா. நான் சொல்றேன், ஆபரேஷன் ஆகட்டும். சௌகரியமா அதுக்கப்புறம் வரட்டும். அப்போ குரல் போயிடுத்துன்னா, பாடறதைப் பத்தின சந்தேகமும் போயிடும். மௌனமா இருக்கறவாளுக்கு மண்டபம் தர எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இருந்ததில்லை."

லோகாம்பாள் எழுந்தாள். "நான் தினம் ஆயிரம் பேர் பேசறதைக் கேக்கறேன். ராங் நம்பர்னா உடனே தெரிஞ்சுடும்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கமிட்டிக்கு அது விளங்கவில்லை.

தீர்ப்பு வழங்கும் விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைக்கப்பட்டது. ஓணம் கழிந்த முதல் ஞாயிறு, மறுநாள் ஆபரேஷன். பாட்டுக்கு வராத கூட்டம் தீர்ப்புக்கு வந்திருந்தது. மண்டபம் நிரம்பிவிட்டது. லோகாம்பாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக் காமாக்ஷி அவள் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள். ராமபத்ரனை மேடையில், மாலை போட்ட குத்துவிளக்குக்கும் நல்லசிவத்தின் பெட்டிக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள்.

வாஞ்சிநாதன் மைக்கைப் பிடித்தார்.

"மகாஜனங்களே! ஒரு கலைஞனை மதிப்பிடுவது என்பது அவனைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அவனிடமிருந்து ரசிகர்களைக் காப்பாற்றுவதற்காக. நல்ல பாட்டைக் கேட்டு மயங்குவது யாருக்கும் சாத்தியம். அதைக் கேட்டும் மயங்காமல் இருப்பதற்கு அப்பியாசம் வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் அந்த அப்பியாசம் முப்பது வருஷத்துக்கு மேல். இந்த ரெக்கார்டை நாங்கள் கேட்டோம். ஒன்றும் ஆகவில்லை."

கைதட்டல்.

"தீர்ப்பு பின்வருமாறு. இந்த ரெக்கார்டில் நாலு பேர் பாடியிருக்கிறார்கள். தாடிக்காரர் அலறுகிறார், காரணம் தெரியவில்லை, நிராகரிக்கப்படுகிறார். பளபளப்புச் சட்டைக்காரர் கமிட்டி அங்கத்தினர் ஒருவருடைய கால்களைச் செல்வாக்குக்கு உட்படுத்தினார், நிராகரிக்கப்படுகிறார். கண்ணாடிக்காரர் போதிய அளவு பாடவில்லை, நிராகரிக்கப்படுகிறார். டை கட்டிய முதல் பையனிடம் பணிவும் சுறுசுறுப்பும் தெரிகிறது. அவருக்கு மண்டபம் வழங்கப்படுகிறது. அவர் எங்கிருந்தாலும் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். அவர் வரும்வரை, அவர் சார்பில் இந்தப் பொன்னாடையை, இத்தனை வாரமும் வாயே திறக்காமல் ஒத்துழைத்த ராமபத்ரன் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பையனின் பாட்டு ஒன்று இப்போது ஒலிபரப்பப்படும்."

ராமபத்ரன் எழுந்தார், பொன்னாடை தோளில் விழுந்தது. நல்லசிவம் முள்ளை வைத்தார். இருபது வருஷத்துக்கு முந்தைய பையன் ஒலிபெருக்கிகள் வழியாக மண்டபம் முழுக்கத் துள்ளினான்.

ராமபத்ரன் அவனைக் கேட்டுக்கொண்டு நின்றார். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணத்தில் பையன் ஒரு வார்த்தைக்குப் பிறகு மூச்செடுத்தான். அந்தச் சின்ன இடைவெளியில் ராமபத்ரன் மைக்குக்கு முன்னால் போய் வாயைத் திறந்தார்.

தாழ்ந்த குரல்தான். கரகரப்பு இருந்தது. பையன் ஓடினான், இவர் அவனுக்குக் கீழே நடந்தார். அவன் முந்தினால் விட்டுக்கொடுத்தார். அவன் மூச்சுக்கு நின்றால் அந்த இடத்தை நிரப்பினார். பல்லவி திரும்பி வந்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. பின்வரிசையில் யாரோ எழுந்து நின்றார்கள். பாட்டின் உச்சியில் இவரிடமிருந்து ஓர் அலறல் புறப்பட்டது. ஜன்னலோரப் புறாக்கள் பறந்தன. மேடையில் பிச்சுமணி தன் இரண்டு கால்களையும் நாற்காலிக் கால்களோடு பின்னிக் கட்டியது போலப் பிணைத்துக்கொண்டார். நாற்காலி ஆடியது.

பையனின் பாட்டு முடிந்தது. நல்லசிவம் முள்ளை எடுத்தார். ராமபத்ரன் நிறுத்தவில்லை. துணைக்கு ஒன்றும் இல்லாமல், நாலாவது பக்கத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்தார். ஒரு வரி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை. பிறகு இன்னொரு வரி. கடைசிச் சொல்லில் குரல் பிசிறி, காற்று மட்டும் வந்தது. அந்தக் காற்றையும் அவர் அதன் இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

மண்டபம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் தாமதித்தால் ஜனங்கள் சொந்தமாக ஏதாவது செய்துவிடுவார்கள் என்று வாஞ்சிநாதனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"கேட்டேளா? எல்லோரும் காதால் கேட்டேளா?" அவர் உடம்பு பெருமையில் நடுங்கியது. "ஒரே சமயத்தில் ரெண்டு குரல்! ஒரே மனுஷனால் அது சாத்தியமோ? கமிட்டியின் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரியென்று அவர்களே மேடையேறி நிரூபித்துவிட்டார்கள்!"

அப்போது எழுந்த கைதட்டலைப் போல அந்த மண்டபம் கேட்டதில்லை. வெங்கிடேஸ்வரன் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். கைதட்டல் யாருக்கு என்று பிரித்துக் கேட்பதற்கு அங்கே யாரும் நியமிக்கப்படவில்லை. ஆகவே அது முழுவதையும் சபா தன் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ராமபத்ரன் மேடையிலிருந்து முன்வரிசையைப் பார்த்தார். லோகாம்பாள் கைதட்டவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காமாக்ஷி அவள் தோளை இடித்தாள்.

"ஏண்டி லோகு, ரெண்டு பேருமே நன்னாப் பாடறாளே. இதுல உன் தம்பி யாராக்கும்?"

"ரெண்டு பேரும் என் தம்பியாக்கும்," என்றாள் லோகாம்பாள்.